நாள் எண்ணும் நெஞ்சம்

நிலையாமையைப் பேசாத தமிழ் அறநூல் அரிது. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரம் வகுத்தார். நாலடியார் தன் முதல் மூன்று அதிகாரங்களையும் அதற்கே ஒதுக்கியது. திருமூலரும் பட்டினத்தாரும் பாடியவை மக்கள் நாவில் பழமொழிபோல் வழங்குகின்றன. இத்துணைச் செழிப்புள்ள மொழிக்குள் கிறித்தவத் திருமறை பெயர்ந்து வந்தபோது, அதனோடு எபிரேயரின் நிலையாமைப் பாட்டொன்றும் வந்து சேர்ந்தது. சங்கீதங்களுள் 90ஆவதாக நிற்பது அப்பாட்டு. அது மனித வாழ்நாளின் குறுமையைச் சொல்கிறது. அந்நாட்களை எண்ணக் கற்றுத் தருமாறு இறைவனை வேண்டுகிறது. அங்ஙனம் கற்றால் ஞானமுள்ள நெஞ்சம் வாய்க்கும் என்று நம்புகிறது.

மேடையிலும் வகுப்பறையிலும் இப்பாட்டைக் குறிப்பிடுவோர், நம் முன்னோர் சொன்னதையே இதுவும் சொல்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிடுவதுண்டு. நல்லெண்ணத்தில் பிறக்கும் கூற்றே அது. ஆயினும் நல்லெண்ணம் வேறு, திறனாய்வு வேறு. இரண்டு பாட்டுகள் ஒரே உவமையை எடுத்தாள்வதாலேயே அவை ஒன்றையே சொல்கின்றன என்று கொள்ளுதல் பொருந்துமா? இவ்வினாவை நூல்களின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வோம்.

பாட்டின் அமைப்பு

90ஆம் சங்கீதத்தின் தலைப்பு அதனை மோசேயின் மன்றாட்டு என்று குறிக்கின்றது. சங்கீத நூலில் மோசேயின் பெயரைத் தலைப்பில் தாங்கியது இஃது ஒன்றே. பாட்டு அவர் காலத்துக்குப் பிற்பட்டது என்பது இற்றைநாள் ஆய்வாளர் பலர் கருத்து. எனினும், நாற்பதாண்டுகள் பாலைநிலத்தில் அலைந்து, ஒரு தலைமுறையே மடியக் கண்ட தலைவன் ஒருவனின் வாய்மொழியாக இதனைப் படித்தால் பொருள் ஆழம் பெறுகிறது. பழைய இலத்தீன் வழக்கைப் பின்பற்றிய கத்தோலிக்கப் பதிப்புகளில் இதுவே 89ஆவது எண்ணைப் பெறும் என்பதை ஒப்புநோக்குவோர் நினைவிற் கொள்க.

பாட்டு மூன்று படிகளாக இயங்குகிறது. முதற்படியில் இறைவனின் முடிவிலாமையும் மனிதனின் குறுமையும் எதிரெதிர் நிறுத்தப்படுகின்றன. ஆயிரம் ஆண்டு அவருக்குக் கழிந்த நேற்று. இரவின் ஒரு யாமம். மனிதனோ காலையில் தளிர்த்து மாலையில் உலரும் புல். இரண்டாம் படியில் இக்குறுமைக்குக் காரணம் சொல்லப்படுகிறது. மனிதனின் குற்றமும், அதனைக் காணும் இறைவனின் சினமுமே அக்காரணம். வாழ்நாள் எழுபது என்றும், வலிமை மிகுந்தால் எண்பது என்றும், அதுவும் வருத்தத்தில் கழிவது என்றும் பாட்டு கணக்கிடுகிறது. மூன்றாம் படியே முடிவு. நாளை எண்ணக் கற்பிக்குமாறு வேண்டும் குரல், அடுத்துக் காலையில் நிறைவும் வாழ்நாள் முழுவதும் மகிழ்ச்சியும் கேட்கிறது. இறுதியில், எங்கள் கைகளின் வேலையை நிலைபெறச் செய்யும் என்று இருமுறை மன்றாடி ஓய்கிறது.

இவ்விறுதியைப் பலர் மறந்துவிடுகின்றனர். அதற்குக் காரணமும் உண்டு. இங்கிலாந்துத் திருச்சபையின் 1662ஆம் ஆண்டு வழிபாட்டு நூல், அடக்க ஆராதனையில் ஓதுவதற்கு 39, 90 ஆகிய இரு சங்கீதங்களை வைத்தது. அதனால் இப்பாட்டு சாவீட்டோடும் கல்லறையோடும் பிணைந்துபோயிற்று. ஆயின் பாட்டின் முகம் சாவை நோக்கியதன்று; மறுநாட் காலையை நோக்கியது.

தமிழ் மரபு எண்ணிய விதம்

இனித் தமிழ்ப் பக்கம் திரும்புவோம். திருக்குறளில் நிலையாமை 34ஆம் அதிகாரம், துறவு 35, மெய்யுணர்தல் 36. இவ்வரிசை தற்செயலானதன்று. நிலையாதவற்றை நிலையாதவை என உணர்ந்தவன் பற்றைக் கைவிடுகிறான். பற்று நீங்கியவனுக்கே மெய்ப்பொருள் விளங்குகிறது. அஃதாவது, வாழ்வின் குறுமையிலிருந்து ஞானத்துக்குச் செல்லும் வழியில் துறவு என்னும் வாயில் நிற்கிறது. நாள் என்பது உயிரை அறுக்கும் வாள் என்று அவ்வதிகாரத்தில் வள்ளுவர் காட்டுவதும், ஒரு பொழுதைக்கூட அறியாதவர் கோடிக்கு மேல் எண்ணங்களை எண்ணுவர் என்று நகைப்பதும் நாம் அறிந்தவையே.

இதை மட்டும் கொண்டு, தமிழர் நிலையாமை துறவுக்கே இட்டுச்செல்லும், கிறித்தவ நிலையாமை உழைப்புக்கு இட்டுச்செல்லும் என்று கோடு கிழிப்பாரும் உளர். அது பிழை. நாக்கு அடங்கி விக்கல் எழுமுன் நல்வினை செய்க என்று வற்புறுத்துபவரும் அதே வள்ளுவர்தாம். நாலடியார் யாக்கை நிலையாமையில், புல்லின் நுனியில் நிற்கும் நீர்த்துளியைக் காட்டி, இப்பொழுதே அறம் செய்க என்று விரைவுபடுத்துகிறது. நிலையாமை பற்றிய மூன்று அதிகாரங்களையும் அடுத்து அந்நூலில் வருவது அறன் வலியுறுத்தல் என்பதும் நோக்கத்தக்கது. எனவே, செயலுக்கு அழைப்பது எபிரேயப் பாட்டுக்கு மட்டும் உரிய பண்பன்று.

மற்றொரு சாரார், நம் நூல்கள் மனிதன் தானே உணர்வதைச் சொல்லும், சங்கீதமோ இறைவனிடம் கேட்பதைச் சொல்லும் என்பர். அதுவும் முழுதும் நில்லாது. தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையை எடுத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து பாசுரங்கள் கொண்ட அச்சிறுநூலில், அரங்கனை விளித்தே ஆழ்வார் வாழ்நாளைக் கணக்கிடுகிறார். மனிதனுக்கு நூறு ஆண்டு என்று வைத்துக்கொண்டாலும் பாதி உறக்கத்தில் போகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி அறியாக் குழவிப் பருவத்திலும் இளமையிலும் போகிறது. மிச்சத்தைப் பிணியும் பசியும் மூப்பும் பகிர்ந்துகொள்கின்றன. தமிழில் வாழ்நாளை இத்துணை நேராகக் கூட்டிக் கழித்துப் பார்த்த பாட்டு வேறொன்றை எளிதில் காட்ட இயலாது. நூறு என்று தொடங்கும் இக்கணக்கும், எழுபது எண்பது என்று எண்ணும் அக்கணக்கும் உடன்பிறந்தவை போலவே தோன்றுகின்றன. இரண்டும் இறைவன் முன்னிலையில் செய்யப்பட்ட கணக்குகள்.

வேறுபாடு எங்கே?

கணக்கு ஒன்றுதான், கணக்கின் முடிவில் கேட்கப்படுவதுதான் வேறு. ஆழ்வார், ஆதலால் பிறவி வேண்டேன் என்கிறார். சங்கீதக்காரர், ஆதலால் இந்நாட்களை நிறைவாக்கும் என்கிறார். முன்னவருக்கு இந்நாட்கள் பல பிறவிகளின் நெடுந்தொடரில் ஒரு கண்ணி. தொடர் அறுதலே வீடு. பின்னவருக்கு வாழ்வு ஒன்றே. இழந்த நாளை ஈடுசெய்ய மறுபிறவி இல்லை. ஆகவே ஒவ்வொரு நாளும் கனக்கிறது. முன்னது கடந்துபோக வேண்டிய நாள். பின்னது அறுவடை செய்ய வேண்டிய நாள்.

அறுவடை என்பது நம் கற்பனையன்று. ஞானமுள்ள நெஞ்சத்தைப் பெறுதல் என்று நாம் படிக்கும் இடத்தில் எபிரேய மூலம் கையாளும் வினைச்சொல் உள்ளே கொண்டுவருதலைக் குறிப்பது. விளைச்சலை வீட்டுக்குக் கொணர்தலுக்கும் அச்சொல்லே வேறிடங்களில் வருகின்றது. உழவன் கதிரைக் களத்திலிருந்து வீடு சேர்ப்பதுபோல், எண்ணப்பட்ட நாட்களிலிருந்து மனிதன் ஞானத்தை வீடு சேர்க்கிறான். நாலடியாரின் நீர்த்துளி புல்லின் மேல் நிற்பது. வெயில் வந்தால் துளி போகும். சங்கீதத்தில் மனிதன் துளியல்லன், புல்லே. வேர் கொண்டு தளிர்த்து, அறுப்புண்டு உலர்வது அது. முன்னையதில் நிலையாமை ஒட்டாமையாகக் காட்சி தருகிறது. பின்னையதில் வளர்ச்சியினூடே வரும் முடிவாகக் காட்சி தருகிறது. உவமையின் இச்சிறு மாற்றத்தில் இரு நோக்குகளின் வேறுபாடும் அடங்கியிருக்கிறது.

காரணத்திலும் வேறுபாடு உண்டு. நம் நூல்களில் நிலையாமை உலகியற்கை, அல்லது வினைப்பயன், அல்லது கூற்றுவன் வரவு. சங்கீதத்தில் அது உறவு முறிவு. மனிதனுக்கும் அவனைப் படைத்தவருக்கும் இடையே நேர்ந்த பிளவின் அடையாளமாகச் சாவு காணப்படுகிறது. ஆதலின் ஞானம் என்பது சாவைப் பற்றித் தெளிதல் மட்டுமன்று. பிளந்த உறவு பொருந்துதலும் ஆகும். புதிய ஏற்பாட்டில் பவுல் கிறித்துவையே இறைவனின் ஞானம் என்று கொரிந்தியருக்கு எழுதியதன் அடிப்படை இதுவே. கிறித்தவன் தேடும் ஞானம் ஒரு கருத்தாக இல்லாமல் ஓர் ஆளாக அமைந்துவிடுவது இதனாலேதான்.

இன்னொரு நுட்பம் தமிழ்மொழிபெயர்ப்பில் விளங்குவது. எபிரேயத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே வடிவம். தமிழில் நம் என்பதும் எங்கள் என்பதும் வேறு. இறைவனை நோக்கிப் பேசும் பாட்டாதலால் மொழிபெயர்ப்பாளர்கள் எங்கள் என்றே எழுத வேண்டியதாயிற்று. எண்ணப்படும் நாட்கள் எங்களுடையவை, உம்முடையவையல்ல. அவர் எண்ணிக்கைக்கு அப்பாற்பட்டவர். மூலத்தில் குறிப்பாக நின்ற பொருளைத் தமிழ் இலக்கணம் வெளிப்படையாக்கிவிடுகிறது. அன்றியும், அச்சொல் ஒருமையன்று. தனியொருவன் குகையில் அமர்ந்து தன் நாளை எண்ணும் பாட்டன்று இது. ஒரு குடியே சேர்ந்து நின்று வேண்டுவது.

ஞானம் என்னும் சொல்

இவ்விடத்தில் மொழிபெயர்ப்புப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சேறிய 1715 முதல், பொது மொழிபெயர்ப்பு வெளிவந்த 1995 வரை, தமிழ் விவிலியம் பல கைகளால் திருத்தம் பெற்று வந்துள்ளது. சங்கீதம் திருப்பாடல் ஆயிற்று. இருதயம் உள்ளம் ஆயிற்று. ஞானம் மட்டும் ஞானமாகவே நின்றது.

ஆயின் தமிழில் ஞானம் என்றவுடன் எழும் எண்ணம் யாது? சைவர் வகுத்த சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கனுள் அது இறுதிப்படி. கை ஓய்ந்து, மனம் ஒடுங்கிய பின் எய்துவது. எபிரேயச் சொல்லோ கைத்தொழில் வன்மையையும் உள்ளடக்கியது. யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்தை அமைக்கும் பெசலெயேல் என்னும் கைவினைஞனுக்கு இறைவன் ஞானம் அருளினார் என்று வருகிறது. பொன்னிலும் வெள்ளியிலும் வேலை செய்யவும், கல் இழைக்கவும், மரம் செதுக்கவும் அவனுக்கு அந்த ஞானம் பயன்பட்டது. இதனை அறிந்தால், ஞான நெஞ்சம் கேட்கும் பாட்டு, கைவேலை நிலைக்க வேண்டும் என்று முடிவதில் வியப்பில்லை. இரண்டும் ஒரே வேண்டுதலின் இரு பாதிகள். ஞானம் என்ற சொல்லை மாற்ற வேண்டும் என்பது நம் வாதமன்று. அது இரு நூற்றாண்டுகளுக்கு மேல் வழிபாட்டில் பயின்று புனிதம் பெற்ற சொல். ஆசிரியர் அதனை விளக்கும்போது கையையும் சேர்த்து விளக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

காப்பியங்கள் காட்டும் வழி

கிறித்தவத் தமிழ்க் காப்பியங்கள் இவ்வேறுபாட்டை எங்ஙனம் கையாண்டன? வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியின் தலைவன் அரசனல்லன், முனிவனுமல்லன். சூசை என்னும் தச்சன். முனிவர் அவனை வளன் என்று தமிழ்ப்பெயரால் அழைத்து, இல்லறத்தில் நின்றே துறவின் தூய்மை காத்தவனாகப் படைக்கிறார். 3615 பாடல்கள் கொண்ட பெருங்காப்பியத்தை ஒரு கைத்தொழிலாளியின் மேல் பாடியது சிறு செயலன்று. துறவைப் போற்றும் தமிழ் மரபையும், உழைப்பைப் போற்றும் திருமறை மரபையும் ஒரே மனிதனில் பொருத்திக் காட்டிய துணிவு அது.

எச். ஏ. கிருட்டிண பிள்ளையின் நிலை வேறு. 1827இல் நெல்லை மண்ணில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து வளர்ந்து, 1858இல் கிறித்தவரானவர் அவர். ஆழ்வார் பாசுர மரபில் ஊறியவருக்குத் திருமாலையின் கணக்கும் தெரியும். சங்கீதத்தின் கணக்கும் தெரியும். 1894இல் வெளிவந்த அவருடைய இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவியது. வரப்போகும் அழிவை உணர்ந்த ஒருவன், முதுகில் பாரத்தோடு ஊரை விட்டு ஓடுகிறான். வழியில் உலக ஞானி ஒருவன் எதிர்ப்பட்டுப் பாரத்தை எளிதில் இறக்கும் உபாயம் சொல்கிறான். உலகின் ஞானம், மேலிருந்து வரும் ஞானம் என்னும் இருவகை ஞானங்களின் மோதல் கதையின் நரம்பாக ஓடுகிறது.

இக்கதையில் தமிழ்ப் படிப்பாளிக்கு ஓர் இடர் உண்டு. பனியனின் பயணி மனைவி மக்கள் கூவி அழைக்கவும் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். இதனைத் தமிழ்க் காப்பிய மரபில் வைத்துப் படிப்பவர்க்கு, வீடு துறந்து காடு புகும் துறவியே கண்முன் நிற்பான். பாலைநிலப் பாட்டின் பன்மை இங்கே ஒருமையாகச் சுருங்கிவிடும். பனியனே இக்குறையை உணர்ந்தார்போலும். 1684இல் இரண்டாம் பாகம் எழுதி, மனைவியையும் மக்களையும் அதே வழியில் நடத்தினார். கிருட்டிண பிள்ளை அடிப்படையாகக் கொண்டது முதற் பாகத்தையே. ஆதலால் யாத்திரிகத்தைக் கற்பிப்போர், அவன் ஓடுவது உடலையும் உறவையும் வெறுத்தன்று, தீர்ப்புக்கு அஞ்சியே என்பதைத் தெளிவாக்குதல் நன்று.

அதே கதையின் முடிவு இக்குறையைப் பெரிதும் ஈடுசெய்கிறது. இறுதியில் பாலமற்ற சாவாறு குறுக்கிடுகிறது. நம்புவோனின் நம்பிக்கைக்கேற்ப அதன் ஆழம் கூடும், குறையும். அஞ்சி அமிழும் பயணியைத் தாங்கி அக்கரை சேர்ப்பவன், உடன்வந்த தோழன். தனியே ஓடத் தொடங்கியவன் துணையோடு கரையேறுகிறான். நாட்களை எண்ணும் அறிவு ஒருவர்க்கொருவர் தோள் கொடுப்பதில் முற்றுப்பெறுகிறது என்று இதனைக் கொள்ளலாம்.

துறைமுகத்தில் ஒரு படிப்பு

பினாங்கில் வாழும் நமக்கு இப்பொருள் தொலைவிலுள்ளதன்று. புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் நிருபம் என்னும் சிறு மடல், ஞானத்தில் குறைவுடையவன் இறைவனிடம் கேட்கட்டும் என்று தொடங்கி, மேலான ஞானத்தின் இயல்புகளை வகுத்து, பின்னர் வணிகரை நோக்கிப் பேசுகிறது. இன்றோ நாளையோ இன்ன ஊருக்குப் போய் ஓராண்டு தங்கிப் பொருளீட்டுவோம் என்று திட்டமிடுவோரே, உங்கள் உயிர் சிறிது நேரம் தோன்றி மறையும் புகை என்பது அதன் கருத்து. 1786இல் ஆங்கிலேயர் இத்தீவில் துறைமுகம் அமைத்தபின், நாகப்பட்டினம் முதலிய கரைகளிலிருந்து கப்பலேறிய நம் மக்களின் பேச்சே இது அன்றோ? சில ஆண்டு இருந்து திரும்புவோம் என்று வந்தவர் பலர் இம்மண்ணிலேயே அடங்கினர். துறைமுகத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட்டும் எட்டே ஆண்டுகளில், 1794இல், காய்ச்சலுக்கு இரையாகி இங்கேயே புதைக்கப்பட்டார். யாக்கோபு வாணிகத்தைத் தடுக்கவில்லை. இறைவன் திருவுளமானால் என்று சொல்லிச் செய்க என்கிறார். இதுவும் துறவன்று; அடக்கம்.

பாயான் லெப்பாஸில் 1972இல் தடையற்ற வாணிக வட்டாரம் தொடங்கியபின், நாள் என்பது வேலைநேர முறைகளாகவும் மணிக்கணக்காகவும் பிரிந்துவிட்டது. ஆலைத் தொழிலாளிக்கு நாளை எண்ணக் கற்றுத்தர வேண்டியதில்லை. அவன் நிமிடத்தையும் எண்ணுகிறான். ஆயின் ஊதியத்துக்கு எண்ணுவது வேறு. விளைவுக்கு எண்ணுவது வேறு. எத்தனை மணி உழைத்தோம் என்பது முதற்கணக்கு. அவ்வுழைப்பில் எது நிலைக்கும் என்பது இரண்டாம் கணக்கு. சங்கீதம் கேட்பது இரண்டாவதையே.

அக்கணக்குக்குத் தமிழுலகில் ஓர் அழகிய சான்று உண்டு. குறளையும் நாலடியாரையும் ஆங்கிலமாக்கிய ஜி. யு. போப் 1820இல் பிறந்தவர். கிறித்தவக் குரு. அவருடைய திருவாசக மொழிபெயர்ப்பு 1900இல் வெளிவந்தது. அதன் முன்னுரையில் தம் எண்பதாம் பிறந்தநாளையே நாளாகக் குறித்தார். வலிமை மிகுந்தால் எண்பது என்று சங்கீதம் குறித்த எல்லையில் நின்றுகொண்டு, மாணிக்கவாசகரின் பாடல்களைத் தம் கைவேலையாக உலகுக்கு ஒப்படைத்தவர் அவர். தம் மறை சொன்னபடி நாளை எண்ணினார். எண்ணிய நாளில் பிற மறையின் செல்வத்தைப் பெயர்த்தார். இரண்டும் ஒன்றே என்று அவர் சொல்லவில்லை. வேறென்று அறிந்தே இரண்டையும் நேசித்தார்.

தமிழாசிரியர்க்கு அது வழிகாட்டும். நம் வகுப்பில் திருமாலை ஓதும் வீட்டுப் பிள்ளையும் இருக்கிறான். சங்கீதம் ஓதும் வீட்டுப் பிள்ளையும் இருக்கிறான். எல்லாம் ஒன்றே என்று சொல்லிவிட்டால், முன்னவனுக்கு ஆழ்வாரின் விடுதலைத் தாகம் விளங்காது. பின்னவனுக்கு மோசேயின் காலை வேண்டுதல் விளங்காது. இருவருக்கும் நாம் கொடுப்பது சாவு வரும் என்ற செய்தி மட்டுமே. அதை அறிய நூல் வேண்டியதில்லை. வேறுபாட்டைக் காட்டிக் கற்பித்தால், ஒருவன் பாட்டை மற்றவன் மதிக்கக் கற்பான். கற்பிக்கும் நமக்கும் நாட்கள் எண்ணப்பட்டனவே. வகுப்பறையில் நாம் செய்யும் வேலை நிலைக்குமா என்பது, எப்பொருளை எவ்வளவு உண்மையோடு பிரித்துக் காட்டினோம் என்பதைப் பொறுத்தது.